காலி எடை

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் சரக்கு என்னுடையது இல்லை. ஒரு மாவு மில்லின் எடைமேடையில் லாரிகளை எடைபோடும் பெண்ணுடையது. நான்கு வருடமாக அவள் எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிவந்த குறிப்புகள், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டாக, என் கைக்கு வந்தன. எப்படி வந்தன என்பதைப் பிறகு சொல்கிறேன். (சொல்லாமல் நழுவிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த வாக்கை அடிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.)

கோபத்தில் எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்பார்கள். ஆறிப்போனதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். எனக்கு மூன்று மாதமாகக் கோபம் ஆறவே இல்லை. யார் மேல் என்று கேட்டால் பட்டியலே தருவேன். கடைசிப் பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தருவேன்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

'அறுவடைக் காலத்துக் கோதுமை லாரிகள் பொன்னிற வெயிலில் வரிசையாக' — பொன்னிறமாவது மண்ணாங்கட்டியாவது. அந்த வரிசையில் டீசல் புகைதான் உண்டு. வேண்டாம்.

'முன்பேர வர்த்தகம் என்பது, பின்னால் வரப்போகும் ஒரு மாதத்தின் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசிக்கொள்வதாகும்' — சரிதான். ஆனால் 'ஆகும்' என்று முடிகிற வாக்கியத்தைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தவர் யாருமில்லை. வேண்டாம். (விளக்கத்தை என்னவோ படித்துவிட்டீர்கள். இருக்கட்டும், பின்னால் உதவும்.)

'அவளுக்குக் கழித்தல் கணக்கு பிடிக்கும்.' இதை வைத்துக்கொள்கிறேன்.

2

அவளுக்குக் கழித்தல் கணக்கு பிடிக்கும். வேலையே அதுதான். சரக்கோடு வரும் லாரி மேடையில் ஏறும், ஒரு எடை. உள்ளே போய்க் கோதுமையை இறக்கிவிட்டு வந்து மறுபடி ஏறும், அது காலி எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் கோதுமை. பதினொரு வருடமாக அந்த மில்லுக்குள் எவ்வளவு கோதுமை வந்தது என்பது அவள் கழித்துச் சொன்னதுதான். முதலாளி முதல் வாசல் காவலர் வரை எல்லாரும் அவளை எடைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

(வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "வந்த வண்டியெல்லாம் எடை கம்மி" என்பாள். கதைக்கு இது தேவையா? தேவையில்லை. அடிக்க மனசு வரவில்லை.)

எடைமேடையில் நடக்காத திருட்டு இல்லை. சரக்கோடு ஏறும்போது டிரைவரும் கிளீனரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். காலியாக ஏறும்போது டீ குடிக்கப் போய்விடுவார்கள். இரண்டு ஆள் கனம் கோதுமைக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் எந்த வண்டி ஏறினாலும் அவள் மைக்கை எடுத்து ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "இறங்குங்க."

இன்னொரு திருட்டு இதைவிடப் பெரிது. "போன மாசம் போட்ட காலி எடைச் சீட்டு இருக்கே, அதையே வெச்சுக்கக் கூடாதா? எதுக்குத் திரும்ப ஏத்தணும்?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள். இடையில் வண்டிக்குக் கனமான இரும்புத் தளம் போட்டிருப்பார்கள். வண்டியின் கனம் கூடியிருக்கும், சீட்டில் பழைய கனம்தான் இருக்கும். அவள் அந்தச் சீட்டை நாலாய் மடித்து அவர்கள் கையிலேயே கொடுப்பாள். "போன மாசம் பார்த்த நாடிக்கு இன்னைக்கு மருந்து எழுதச் சொல்றீங்களா? ஏத்துங்க வண்டியை."

அவளுடைய கண்ணாடி அறைக்கு இந்தப் பக்கம் மேடை, அந்தப் பக்கம் கொள்முதல் அதிகாரியின் அறை. அங்கே சுவரில் விலைத் திரை ஓடும். அதிகாரிக்குக் காது கொஞ்சம் மந்தம், போனில் பேசினால் மில்லுக்கே கேட்கும். கேட்டுக் கேட்டே அவள் தெரிந்துகொண்டாள். அறுவடை மாதத்துக் கோதுமைக்கு ஒரு விலை, ஆறு மாதம் தள்ளிக் கைக்கு வரும் கோதுமைக்கு ஒரு விலை. இரண்டும் ஒரே திரையில் மேலும் கீழுமாக இருக்கும். அறுவடை நெருங்கி லாரி குவியக் குவியக் கிட்டத்து மாதத்தின் விலை விழும். தூரத்து மாதம் அவ்வளவாக அசையாது. ஆகவே கையில் சரக்கே இல்லாமல் கிட்டத்து மாதத்தை விற்று (விலை விழுந்த பிறகு வாங்கி நேர்செய்துகொள்ளலாம்), தூரத்து மாதத்தை வாங்கிவைத்தால், கோதுமை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அகலமானால் போதும். இது புரிந்த அன்றைக்கு அவள் தனியாகச் சிரித்தாள். தினமும் போடுகிற கழித்தல்தானே.

கையிலிருந்து ஒரு காசு போடவில்லை. வீணாய்ப்போன எடைச் சீட்டின் பின்பக்கத்தில், 'இன்று விற்றது இது, வாங்கியது இது' என்று பென்சிலால் எழுதுவாள். அதற்கு 'சும்மா வியாபாரம்' என்று பெயர் வைத்திருந்தாள்.* அறுவடைக்கு ஐந்து வாரம் முன்னால் தொடங்குவாள். லாரி வரிசை வெளிக் கேட்டைத் தாண்டுகிற நாளில் முடிப்பாள். நான்கு வருடம், நான்கு தடவை, நான்கிலும் லாபம்.

* எனக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் சுருக்கென்றது. கதை எழுதுவதும் சும்மா வியாபாரம்தான். நஷ்டத்தை யார் தலையில் வேண்டுமானாலும் எழுதலாம், நம் கையிலிருந்து எதுவும் போகாது. அப்படித்தான் அப்போது நினைத்திருந்தேன்.

3

இப்போது அண்ணன் வர வேண்டும். அண்ணனை எழுதும்போது பேனா அழுந்துகிறது. சுருக்கமாக முடிக்கிறேன்.

எடைக்காரியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொடுக்கிற காரில் இரண்டு பிரேக் உண்டு, ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒன்று. இருபது வருடமாக அடுத்தவர் ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் போட்டுப் போட்டு, வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை. யார் வாயைத் திறந்தாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். கெட்டவர் [அடித்தது: கெட்டவர் இல்லை]. அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பா இறந்த பிறகு அப்பாவின் வீட்டை விற்றார்கள். பணம் அண்ணன் பேரிலும் தங்கை பேரிலும் சேர்ந்தாற்போல் வங்கியில் இருந்தது. எடுக்க இரண்டு கையெழுத்தும் வேண்டும். தன் பாதியை என்ன செய்வதென்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். வாடகைக்கு இருந்த மாடிப் பகுதியை, ஓர் அறை, ஒரு சமையலறை, வீட்டுக்காரர் விற்கப் போவதாகச் சொல்லி, அறுவடை முடியும்வரை அவளுக்காகப் பொறுத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார். "பெரிய வீடெல்லாம் வேண்டாம். நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா, வெளியில இருந்து எவனும் காலி பண்ணுன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்." அவள் ஆசையின் மொத்த நீளம் அது.

அந்த நேரம் பார்த்துச் சீட்டுக் கட்டு அண்ணன் கைக்குப் போனது. (எப்படிப் போனது? 'ஒரு நாள் போனது' என்று எழுதிவிட்டு நகர்கிறேன்.)

பதினொரு வருடத்தில் முதல்தடவையாக அண்ணன் மில்லுக்கு வந்து அவள் அறை வாசலில் நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் நீயா எழுதினது?"

"சும்மா எழுதினேன் அண்ணா. விளையாட்டுக்கு."

"விளையாட்டா? நாலு வருஷம், ஒரு தடவை கூடத் தப்பலை. நம்ம வீட்டுல மூளை உனக்குத்தான் வந்திருக்கு, தெரியாமப்போச்சு பார்."

அவளுக்குக் கண் கலங்கியது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நாற்பத்தொரு வயதில் ஒருத்திக்கு அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில் கண் கலங்கினால், அதற்கு முன் அவர் சொல்லாத வார்த்தைகள் எத்தனை என்று கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் மேலே சொன்னார். இரண்டு பங்கையும் சேர்த்து இந்த ஒரு பருவத்துக்குப் போடலாம், அறுவடை முடிந்ததும் அவள் ஓர் அறைக்குப் பதில் முழு வீடே வாங்கலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டால் போதும். அவள் யோசிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். "யோசிக்க என்ன இருக்கு, எழுதினதே நீதானே" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். அண்ணனுக்கு மனைவி உண்டு, அதாவது அண்ணி. ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் அவள் டீ கொண்டுவருகிறாள், டம்ளர்களை எடுத்துப்போகிறாள், வேறொன்றும் செய்வதில்லை. பேசுவதில்லை, தடுப்பதில்லை, அழுவதுகூட இல்லை. இப்படி ஒரு பாத்திரம் எதற்கு? பாயாசத்தில் விழுந்த கறிவேப்பிலை. இரண்டாம் வரைவில் அவளை வெட்டி எறிந்துவிட்டேன். கதையின் கனம் உடனே குறைந்தது, ஓட்டமும் வந்துவிட்டது.

4

வியாழக்கிழமை கொள்முதல் அதிகாரியின் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். விலைத் திரைக்கு முன்னால், அதன் வலதுபக்க ஓரத்தை மறைத்துக்கொண்டு, பதினொரு வருடமாக ஓர் இரும்பு அலமாரி நின்றிருந்தது. அதை நகர்த்தினார்கள்.

எடைக்காரி தன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மாதம், விலை, ஏற்ற இறக்கம் என்று மூன்று கட்டங்கள்தான் திரையில் உண்டு என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நான்காவதாக ஒரு கட்டம் இருந்தது. கடைசியாக எப்போது வியாபாரம் நடந்தது என்கிற நேரம். கிட்டத்து மாதத்துக்கு நேராக, இன்று இரண்டு பதினான்கு. தூரத்து மாதத்துக்கு நேராக, முந்தாநாள் காலை பதினொன்று ஐந்து.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் ஒரு கண்ணை அங்கேயே வைத்திருந்தாள். மேலே உள்ள விலை நாற்பது தடவை மாறியது. கீழே உள்ளது செத்த பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்துபோய் அதிகாரியிடம் கேட்டாள்.

"அந்தத் தூரத்து மாசம் ஏன் சார் அசையவே மாட்டேங்குது?"

"அதை யார் தொடுறாங்க? வாரத்துல ரெண்டு தடவை வியாபாரம் ஆனா பெரிசு. ஆகும்போது பாரு, மேல உள்ளது எவ்வளவு விழுந்துதோ அவ்வளவையும் சேர்த்து ஒரேயடியா விழும்."

"அப்போ அங்க தெரியறது விலையே இல்லையா?"

"முந்தாநாள் விலை. விலைன்னா விலைதான், பழைய விலை."

"நீங்க ஒரு நாளும் சொல்லலையே சார்."

"நீ ஒரு நாளும் கேக்கலையேம்மா."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். காதுமடல் இரண்டும் சுட்டன. நான்கு வருடமாக இன்றைய கிட்டத்து விலையிலிருந்து முந்தாநாளைய தூரத்து விலையைக் கழித்திருக்கிறாள். கிட்டத்து மாதம் கண்முன்னால் விழுந்தது. தூரத்து மாதமும் விழுந்துதான் இருக்கும், யாரும் தொடாததால் திரையில் ஏறவில்லை. அந்த ஏறாத வீழ்ச்சிதான் அவள் லாபம். எத்தனை டிரைவர்களிடம் பழைய சீட்டை நாலாய் மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதே பழைய சீட்டைத் திரை நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊரே சொல்கிறது. அவளுடைய சுரைக்காய் ஏட்டிலும் காய்க்கவில்லை.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. மைக்கை எடுத்து, "இறங்குங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு டிரைவர், கிளீனர், பின்னால் மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவர், மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள்.

5

இதற்குப் பிறகு முதல் வரைவில் எழுதியிருந்தது இது:

'அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் முதல்தடவையாகப் பாராட்டியிருக்கிறார், அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் மௌனமாகக் கையெழுத்துப் போட்டாள்.'

இதை ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். "அந்த மௌனம் பிரமாதம்மா. அதை மட்டும் தொட்டுடாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பத்தியை அடித்தேன். ஊரில் எந்தப் பெண் ஏமாந்தாலும் அவள் மௌனமாக இருந்ததாக எழுதிவிட்டால் போதும், பிரமாதம் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அவள் மௌனமாக இல்லை. வாயுள்ள பெண். சொன்னாள். வெட்டி எறிந்த அண்ணியைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துவருகிறேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எடைக்காரி நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வகுப்புக்குப் போயிருந்தார். அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எடைக்காரியும் உட்கார்ந்து, தன் பாட்டுக்கு ஒரு துண்டை எடுத்து மடித்தபடி, அலமாரியை நகர்த்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணிக்குப் புரியவில்லை என்று நினைத்து, மடித்த துணிகளையே மேலும் கீழுமாக வைத்து, இது கிட்டத்து மாதம், இது தூரத்து மாதம் என்று காட்டினாள்.

"தப்பு என்னுதுதான் அண்ணி. நான் எழுதினது ஒண்ணும் நிஜத்துல நடக்காது. அண்ணன் போடக் கூடாது."

"நீயே அவர்கிட்ட சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்றது? அலமாரின்னு சொல்றதுக்குள்ள நிறுத்திடுவாரு. கையெழுத்துப் போடப் பிடிக்காம சாக்குச் சொல்றேன்னு நினைப்பாரு. நீங்க சாப்பாடு போடும்போது மெதுவா எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொல்லி, அதுக்கப்புறமும் அவரு போடணும்னா, சரி, தெரிஞ்சுதான் போடறாருன்னு நானும் கையெழுத்துப் போட்டுடறேன். கூடப்பிறந்தவரு. நான் குறுக்க நிக்கலை."

"நான் சொல்றேன்" என்றாள் அண்ணி.

அந்த அண்ணி நான்தான்.

6

சீட்டுக் கட்டு எனக்கு எப்படி வந்தது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் எனக்கு மட்டும் காட்டினாள். எனக்குக் கதை எழுதும் பழக்கம் உண்டு, இரண்டு மூன்று வந்திருக்கின்றன. "படிச்சிட்டுத் தரேன்" என்று வாங்கினேன். பிறகு என் கணவர் சாப்பிடும் மேஜையில், அவர் தட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறந்து வைத்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. இந்த மனுஷன் தங்கச்சியை ஒரு தடவையாவது மதிக்கட்டும் என்று வைத்தேன். அது பாதி உண்மை. மறுபாதி, நான் எழுதத் தொடங்கியிருந்த எடைக்காரிக் கதை நகரவே இல்லை. யாராவது எதையாவது செய்தால்தான் நகரும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாடு போட்டேன், சொல்லவில்லை. அவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். உப்புக் குறைவென்று தட்டைத் தள்ளவில்லை, நான் பேசியதை இரண்டு தடவை முழுசாகக் கேட்டார். பத்தொன்பது வருடத்தில் அப்படிப்பட்ட நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமையும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அன்று பிற்பகல் அவர் வெளியே போயிருந்தபோது நான் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தேன். அதில் எடைக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் முகத்துக்கு நேராகத் தானே எல்லாவற்றையும் சொல்கிறாள், அண்ணன் முதல்தடவையாக வாயடைத்துப்போகிறார். நல்ல காட்சி. சனிக்கிழமையே நான் சொல்லிவிட்டால் அந்தக் காட்சிக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இப்போது புரிகிறதா, பட்டியலில் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று?

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். படிவம் மேஜையில் இருந்தது. டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா அண்ணி?"

நான் எழுதிவைத்த காட்சியில் இந்தக் கேள்வி இல்லை. அவர் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று அவர் கேட்பார், என்ன விஷயம் என்று கேட்பார், வெள்ளிக்கிழமையிலிருந்து ஏன் மறைத்தாய் என்று கேட்பார். அந்தக் குரல் எனக்கு முன்கூட்டியே கேட்டது.

தலையாட்டினேன்.

அவள் ஒரு நொடி அண்ணன் பக்கம் திரும்பினாள். தெரிந்தும் போடுகிறவரைப் பார்க்கிற பார்வை அது. பிறகு பேனாவை எடுத்து, மூன்று இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். [அடித்தது: என் கை நடுங்கியது.] நடுங்கவில்லை.

மற்றதெல்லாம் நீங்கள் ஊகித்ததுதான். அவர் அந்தப் பணத்துக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் போட்டார். கிட்டத்து மாதத்தை விற்பது ஒரு நொடியில் நடந்தது. தூரத்து மாதத்தை வாங்க ஆளைத் தேட வேண்டியிருந்தது, விற்கிறவன் சொன்னதே விலை. அறுவடை வந்தது, லாரி வரிசை வெளிக் கேட்டைத் தாண்டியது, கிட்டத்து விலை விழுந்தது. தூரத்து விலை திரையில் நின்றபடியே நின்றது. முடித்துக்கொள்ளலாம் என்று போனபோதுதான் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்று தெரிந்தது. நஷ்டத்துக்கு ஈடாகத் தரகர் இன்னும் பணம் கட்டச் சொன்னார், அவரும் கட்டினார். கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டபோது, இரண்டு பேர் பங்கிலும் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அவர் நேராக மில்லுக்குப் போனார். நானும் போனேன், காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தேன்.

"நாலு வருஷம் பொய்க் கணக்கு எழுதி என்னைக் குழியில தள்ளிட்டே." டிரைவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுதானே போட்டே?"

"என்ன தெரிஞ்சு?"

"நடிக்காதே அண்ணா. அண்ணிதான் உன்கிட்ட—"

"அவளை எதுக்கு இழுக்கறே? சீட்டு எழுதினது அவளா?"

பிரேக் போட்டுவிட்டார். அந்த வாக்கியம் முடிந்திருந்தால் எல்லாம் அங்கேயே வெளியே வந்திருக்கும். முடியவில்லை. நான் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.

மாடிப் பகுதியை வீட்டுக்காரர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். எடைக்காரி இப்போது பெண்கள் விடுதியில், நான்கு பேர் தங்கும் அறையில் இருக்கிறாள். தெரிந்தே போட்டுவிட்டுப் பழியைத் தன் தலையில் கட்டினார் என்று அவள் அண்ணனோடு பேசுவதில்லை. ஏமாற்றிவிட்டாள் என்று அவர் தங்கையோடு பேசுவதில்லை. இரண்டு பேரும் என்னோடு பேசுகிறார்கள். "நீங்க ஒருத்தராவது எனக்காக சொன்னீங்களே அண்ணி" என்று போன வாரம் போனில் சொன்னாள். அன்றைக்குத்தான் பழைய வரைவுகளை ஒதுக்கிவிட்டு இதை உள்ளபடி எழுத உட்கார்ந்தேன்.

7

முடிவுகள்.

அ. கணவரிடம் சொல்கிறேன். அவர் கத்துவதை ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுத முடிந்தது, பத்தொன்பது வருடப் பயிற்சி. அதன்பிறகு அவர் தங்கையிடம் போய் மன்னிப்புக் கேட்பதை எழுதினேன். இரண்டாவது வரியிலேயே நானே நம்பவில்லை.

ஆ. கழித்தல் தெரிந்தவள்தானே, ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். வந்து என்னை அறைகிறாள். இதை எழுதியபோது சுகமாக இருந்தது. எனக்குச் சுகமாக இருந்ததாலேயே அடித்துவிட்டேன்.

இ. வேறு பெயரில் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன். அந்த ஆசிரியர் பிரமாதம் என்பார். அவளுக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் இல்லை.

மூன்றாவதை நோக்கித்தான் என் கால் போய்க்கொண்டிருந்தது, பொய் சொல்வானேன். இன்று காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, இந்தத் தாள்களையும் கார்ச் சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தபால் நிலையம் இடதுபக்கம். வண்டி வலதுபக்கம் திரும்பியது. திருப்பியது நான்தான், வண்டிமேல் பழி போட வேண்டாம்.

அறுவடை முடிந்துவிட்டதால் மில் வாசலில் லாரி இல்லை. கேட் திறந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் பெயர்ப்பலகையோடு காரை நேராக எடைமேடையில் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்து சீட்டில் தாள்கள். இந்தக் கடைசிப் பக்கத்தை ஸ்டியரிங்மேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், கோணலாக வருகிறது. கண்ணாடி அறைக்குள் அவள் தலை நிமிர்கிறது. இங்கிருந்து முகம் தெரியவில்லை. மைக் கரகரக்கிறது.

"இறங்குங்க."

அண்ணன் வந்திருப்பதாக நினைக்கிறாள் போலிருக்கிறது. குரலில் மரியாதை இருக்கிறது, வேறெதுவும் இல்லை.

இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். நான் இறங்கிப்போய் இதை முதலில் அவள் கையில் கொடுத்து, அவள் படித்துவிட்டு, போடுங்கள் என்றோ தொலையுங்கள் என்றோ சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியைப் பின்னால் எடுத்து, தபால் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். எது நடந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நான் தலையாட்டியதை ஒருத்தி நம்பியதுதான் இத்தனைக்கும் காரணம். எடைமேடை எல்லா ஊரிலும் இருக்கிறது, உள்ளே ஒருத்தி மைக்கோடு உட்கார்ந்திருப்பாள். போய், உங்கள் அண்ணி வந்து சொன்னாளா என்று கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

மைக் மறுபடி கரகரக்கிறது. இந்தத் தடவை ஒரு வார்த்தை கூடுதலாக வருகிறது.

"இறங்குங்க அண்ணி."